வெண்பனியில் நடை பழகுதல்



பனி என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது காலை நனைக்கும் புல். மரவரிசைகளுக்கு நடுவே புகைபோல் நிற்கும் மூட்டம். வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் அங்குள்ள குளிரைப் பற்றிக் கதை கதையாய்ச் சொல்வார்கள். அந்தக் குளிரிலும் தண்ணீர் உறைந்து போவதில்லை.

இன்று நாம் பேசப் போவது வேறொரு பனியைப் பற்றி. வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக விழுந்து, கூரை, வயல், காடு, மலை எல்லாவற்றையும் மூடி, பல மாதங்கள் அப்படியே கிடக்கும் வெண்பனி அது. ஐரோப்பாவின் வடக்கே உள்ள நார்வே நாட்டில் அந்தப் பனியின்மேல் நடக்கப் பழகுவதைப் பிள்ளைப் பருவத்துப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தப் பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உலகம் சுருங்கிவிட்டது. 1980களில் இலங்கைத் தமிழர் பலர் நார்வேக்குச் சென்று, அதன் வடகோடியில் உள்ள மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தார்கள். பனியையே பார்த்திராதவர்கள் பனியோடு வாழப் பழகினார்கள். நம் மலேசிய நாடும் 2018ஆம் ஆண்டில் முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்கு வீரர்களை அனுப்பியது. இவையெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த மக்கள் தங்கள் பனியிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரு பாடம் எந்த நாட்டாருக்கும் உதவும். அதை நோக்கித்தான் இந்தப் பேச்சு செல்கிறது.

முதலில் பனியின்மேல் எப்படி நடக்கிறார்கள் என்று பார்ப்போம்.

புதிதாய் விழுந்த பனி மிருதுவானது. அதில் வெறும் காலணியுடன் இறங்கினால் முழங்கால்வரை, சில இடங்களில் இடுப்புவரை கால் புதையும். நூறு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கும். சேற்று நிலத்தில் நாம் என்ன செய்கிறோம்? ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடக்கிறோம். உடலின் பாரம் பலகை முழுவதும் பரவுவதால் கால் புதைவதில்லை. அந்தப் பலகையையே காலில் கட்டிக்கொண்டால்? அதுதான் ஸ்கீ. நார்வேயின் ரோடோய் என்னும் தீவில், பாறையொன்றில் நீண்ட பலகைகள்மேல் நிற்கும் மனித உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. அது சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முந்தியது என்று கருதுகிறார்கள். ஆகவே, ஸ்கீ என்பது விளையாட்டாகத் தோன்றியதன்று. வேட்டைக்கும் விறகுக்கும் அடுத்த ஊருக்கும் போக வேண்டிய மக்கள் கண்டுபிடித்த கருவி அது.

மலைச்சரிவில் வேகமாய்ச் சறுக்கி இறங்குவது ஒரு வகை. படங்களில் நாம் பெரும்பாலும் பார்ப்பது அதைத்தான். சமநிலத்திலும் மேட்டிலும் பள்ளத்திலும் நெடுந்தூரம் போவது மற்றொரு வகை. இன்று நாம் பேசுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி. இதற்கான பலகைகள் ஒல்லியாகவும் நீளமாகவும் எடை குறைந்தும் இருக்கும். காலணியின் நுனி மட்டுமே பலகையோடு பூட்டப்படும். குதிகால் தாராளமாக மேலே எழும். இரண்டு கைகளிலும் நீண்ட ஊன்றுகோல்கள் இருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பலகை வழுக்கினால்தான் முன்னே போகலாம். ஆனால் அது வழுக்கிக்கொண்டே இருந்தால் காலை உந்துவது எப்படி? இந்தச் சிக்கலை அவர்கள் அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். பலகையைத் தரையில் வைத்தால் அதன் நடுப்பகுதி வில்லைப்போல் சற்று மேலே வளைந்து நிற்கும். அந்த நடுப்பகுதியின் அடியில் ஒருவகை மெழுகைத் தேய்க்கிறார்கள். ஒற்றைக் காலில் முழுப் பாரத்தையும் ஊன்றினால் வளைவு அமுங்கி, மெழுகு பனியைப் பற்றிக்கொள்ளும், உந்தலாம். பாரம் இரண்டு காலுக்கும் பரவியதும் நடுப்பகுதி மேலே எழும்பிவிடும். பலகை வழுக்கிச் செல்லும். கடுங்குளிருக்குப் பச்சை மெழுகு, அதைவிடக் குறைந்த குளிருக்கு நீலம், பனி உருகும் நிலைக்கு அருகில் சிவப்பு என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறார்கள். மெழுகுக்குப் பதிலாக நடுப்பகுதியில் மயிர்த்துணி ஒட்டிய பலகைகளும் இக்காலத்தில் கிடைக்கின்றன. புதிதாய்ப் பழகுவோருக்கு அவை எளியவை.

சரி, பழகுவது எப்படி?

முதல் பாடம் விழுவது. ஆம், விழுந்து எழுவதுதான் முதல் பாடம். விழாமல் பழகியவர் எவரும் இல்லை. பக்கவாட்டில், இடுப்பு முதலில் படும்படி, உடலைத் தளர்த்திக்கொண்டு விழச் சொல்வார்கள். பிறகு இரண்டு பலகைகளையும் ஒன்றுக்கொன்று இணையாகச் சேர்த்து, சரிவுக்குக் குறுக்காக வைத்து, முழங்காலில் எழும்பி, அப்புறம் நிற்க வேண்டும். பலகை சரிவை நோக்கி இருந்தால் எழுந்த மறுகணமே அது உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். மறுபடியும் விழ வேண்டியதுதான். மூன்று வயதுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இதைக் கற்கிறார்கள். பெரியவர்கள்தாம் வெட்கப்படுகிறார்கள்.

இரண்டாவது பாடத்தில் ஊன்றுகோலை ஓரமாய் வைத்துவிட வேண்டும். கோல் இருந்தால் அதன்மேல் சாயத் தோன்றும், சமநிலை வராது. ஒரு காலால் உந்தி, மற்றொரு காலில் நின்றபடி சற்றுத் தூரம் வழுக்கிச் செல்ல வேண்டும். பிறகு கால் மாற்ற வேண்டும். இது கைவந்தபின் கோலை எடுக்கலாம். வலக்கால் முன்னே போகும்போது இடக்கை முன்னே போகும். நாம் நடக்கும் நடையேதான். நடையை நீட்டினால் சறுக்கு வந்துவிடும்.

மேட்டில் ஏறும்போது பலகைகளின் முன்நுனிகளை அகற்றி, பின்நுனிகளை நெருக்கி வைத்து ஏறுகிறார்கள். அவர்கள் போன தடத்தைப் பார்த்தால் மீன் முள்ளைப்போல் இருக்கும். சரிவில் இறங்கும்போது இதற்கு நேர்மாறு. முன்நுனிகளை நெருக்கி, பின்புறத்தை அகற்றி, பலகைகளின் உள்விளிம்பைப் பனியில் அழுத்தினால் வேகம் குறையும். சரிவைக் கண்டு பயந்தவர் பின்னால் சாய்வார். அங்கேதான் தவறு நேர்கிறது. பின்னால் சாய்ந்தால் பலகை முன்னே ஓடிவிடும். முழங்காலை மடக்கி, உடலைச் சற்று முன்னே கொண்டுவந்தால்தான் பலகை சொன்ன சொல் கேட்கும்.

தொடக்கத்தில் மூன்று நான்கு கிலோமீட்டர் போதும். தலைநகராகிய ஆஸ்லோவில் மக்கள் ஸ்கீயைத் தோளில் சுமந்துகொண்டு நகர ரயிலில் ஏறி, காட்டோரம் உள்ள ஃப்ரோக்னர்செட்டரன் நிலையத்தில் இறங்குகிறார்கள். அங்கே இயந்திரங்கொண்டு பனியை அமுக்கி, இரட்டைத் தடம் வகுத்திருக்கிறார்கள். இரவிலும் போவதற்குச் சில பாதைகளில் விளக்குக் கம்பங்கள் உண்டு. தடத்தின்மேல் வெறுங்காலணியோடு நடந்து அதைக் கெடுக்கக் கூடாது. மேட்டிலிருந்து இறங்கி வருகிறவருக்கு வழி விட வேண்டும். இந்த மரியாதைகளையும் பாடத்தோடு சேர்த்தே கற்றுக்கொடுக்கிறார்கள்.

இதுவரை சொன்னது காலுக்கான பாடம். உயிரைக் காக்கும் பாடம் இனிமேல்தான் வருகிறது.

குளிரைத் தாங்க ஒரே தடித்த கம்பளியைப் போட்டுக்கொண்டால் போதும் என்று நாம் நினைப்போம். அவர்கள் அப்படிச் செய்வதில்லை. மெல்லிய கம்பளியாடை உடலோடு ஒட்டியபடி ஒன்று. அதன்மேல் வெப்பத்தைக் காக்கும் ஆடை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே காற்றை மறிக்கும் சட்டை ஒன்று. பருத்தித் துணியை உடலோடு அணிவதைத் தவிர்க்கிறார்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நின்றவுடன் அந்த ஈரம் உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். மேட்டில் ஏறும் முன்பே ஓர் ஆடையைக் கழற்று, ஓய்வுக்கு உட்காரும் முன்பே ஓர் ஆடையைப் போடு என்பது அவர்கள் பழக்கம். குளிர்நாட்டில் வியர்வைதான் மறைந்திருக்கும் பகை.

காற்று அடுத்த பகை. வெப்பமானி 0 டிகிரிக்குக் கீழே 10 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடாத தோலுக்கு அது 0க்குக் கீழே 20 டிகிரி குளிரைப்போல் உறைக்கும். மூக்கு, கன்னம், காது, விரல் ஆகியவை முதலில் பாதிக்கப்படும். இரத்தம் ஓடாமல் தோல் மரத்து, மெழுகுபோல் வெளுத்துவிடும். மரத்துப் போனவருக்கு அது தெரியாது. ஆகையால் உடன் போகிறவர்கள் அடிக்கடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளைத் திட்டைக் கண்டால் வெறுங்கையின் சூட்டை அதன்மேல் வைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது இன்னும் கெடுதல்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து தொடங்குகிறது. முதலில் உடல் நடுங்கும். பிறகு பேச்சுக் குழறும், கைவேலை தடுமாறும், கால் இடறும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவரே சொல்லுவார். அதை நம்பக் கூடாது. நடுக்கம் நின்றுவிட்டால் நலமாகிவிட்டார் என்று எண்ணக் கூடாது. நிலைமை முற்றிவிட்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அப்படிப்பட்டவரைக் காற்றில்லாத இடத்தில் வைத்து, ஈர ஆடையை மாற்றி, நன்றாகப் போர்த்தி, உடனே உதவி தேட வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். மது கொடுக்கவே கூடாது. மழையில் நனைந்தவன் கொஞ்சம் சம்சு குடித்தால் சூடு வரும் என்று நம்மிடையேயும் சொல்வாருண்டு. மது, இரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவருவதால் சூடு ஏறியதுபோல் தோன்றும். உண்மையில் உள்ளே இருந்த வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கும்.

பனியே சில சமயம் பாதுகாப்பும் ஆகும். பனிக்குள் காற்று நிறைய அடைபட்டிருப்பதால் வெளிக்குளிர் எளிதில் உள்ளே புகாது. புயலில் அகப்பட்டவர் பனிமேட்டைக் குடைந்து, சிறு குகை செய்து, அதற்குள் ஒதுங்கி உயிர் பிழைக்கலாம். அதற்குத்தான் மலைக்குப் போகிறவர்கள் மண்வெட்டி ஒன்றைச் சுமந்து செல்கிறார்கள். உறைந்த ஏரியைக் கடக்க வேண்டுமானால், கெட்டியான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆறு வந்து கலக்கும் இடத்திலும், நீரோட்டம் உள்ள குறுகிய இடத்திலும் பனிக்கட்டி மெலிந்திருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற நம் பழமொழி அங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும். 30 டிகிரிக்கு மேல் செங்குத்தான சரிவுகளில் பனி மொத்தமாகப் பெயர்ந்து சரியக்கூடும். ஆகவே அத்தகைய சரிவின் மேலும் கீழும் போகாமல் சுற்றிப் போகிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த மக்களுக்கே ஒரு காலத்தில் பெருந்துயர் நேர்ந்தது. ஈஸ்டர் விடுமுறையில் மலைக்குப் போவது நார்வே மக்களின் வழக்கம். 1967ஆம் ஆண்டு அந்த விடுமுறையில் 18 பேர் உயிரிழந்தார்கள். நாடே கலங்கியது. நார்வே நடைப்பயணச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து, மலைக்குப் போவோர் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை வீடுதோறும் கொண்டு சேர்க்க முனைந்தன. 1952ஆம் ஆண்டிலேயே நடைப்பயணச் சங்கம் இத்தகைய விதிகளை வகுத்திருந்தது. ஆனால் விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? மக்கள் நெஞ்சில் அல்லவா பதிய வேண்டும்? மலைக்குப் போகிறவர் தவறாமல் எடுத்துச் செல்லும் க்விக் லுன்ஷ் என்னும் சாக்லேட்டின் உறையில், உட்புறத்தில், அந்த விதிகளை அச்சிட்டார்கள். சாக்லேட்டைப் பிரிக்கும் பிள்ளையின் கண்ணில் விதி படும். நல்ல உத்தியல்லவா?

2016ஆம் ஆண்டில் அந்த விதிகளைக் காலத்திற்கேற்பத் திருத்தினார்கள். மொத்தம் ஒன்பது விதிகள். பயணத்தைத் திட்டமிடு, எந்த வழியே போகிறாய் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. உன் ஆற்றலுக்கும் அன்றைய நிலைமைக்கும் ஏற்ற பயணத்தைத் தேர்ந்துகொள். வானிலை அறிக்கையையும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் கவனி. சிறு பயணமானாலும் புயலுக்கும் குளிருக்கும் ஆயத்தமாய்ப் போ. உனக்கும் பிறருக்கும் உதவக்கூடிய பொருள்களை எடுத்துச் செல். பாதுகாப்பான வழியைத் தேர்ந்துகொள். வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொள். எங்கே இருக்கிறாய் என்பதை எப்போதும் அறிந்திரு. காலத்தோடு திரும்பி வா; திரும்புவதில் வெட்கமில்லை. வலிமையைச் சேமித்து வை. தேவைப்பட்டால் ஒதுங்கிடம் தேடிக்கொள்.

இந்த ஒன்பதில் எட்டாவது விதியை நார்வேயில் சிறுபிள்ளைகளும் சொல்வார்கள். "திரும்புவதில் வெட்கமில்லை." அதைப் பழமொழிபோல் மற்ற காரியங்களுக்கும் சொல்லுகிறார்கள்.

இது கோழைகளின் விதி என்று நாம் எண்ணிவிடக் கூடாது. இந்த மலைவிதிகளை உருவாக்குவதில் பங்கு கொண்டவர் கிளாவுஸ் ஹெல்பெர்க் என்பவர். இரண்டாம் உலகப் போரில் நார்வே ஜெர்மானியரின் பிடியில் இருந்தபோது, 1942ஆம் ஆண்டு அக்டோபரில், ஹார்டாங்கர் என்னும் மலைப்பீடபூமியில் விமானத்திலிருந்து குதித்த நால்வருள் அவர் ஒருவர். உணவு தீர்ந்து, பாறையில் வளரும் பாசியையும் காட்டு மான் இறைச்சியையும் தின்று, அந்தக் குளிர்காலத்தை அவர்கள் கழித்தார்கள். 1943ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெமோர்க் ஆலையில் இருந்த கனநீர்க் கருவிகள் தகர்க்கப்பட்டன. அதன்பின் எதிரிப் படைவீரன் ஒருவன் துரத்த, ஹெல்பெர்க் ஸ்கீயிலேயே தப்பிச் சென்றார். போர் முடிந்ததும் நடைப்பயணச் சங்கத்தில் வேலை செய்து, மக்களை மலைக்கு அழைத்துச் சென்றார். மலையின் கொடுமையைத் தம் உடம்பால் அறிந்த ஒருவர் கைபட்ட விதிகள் இவை.

திரும்பி வருவது ஏன் அவ்வளவு கடினமாக இருக்கிறது? எண்ணிப் பார்த்தால் மூன்று காரணங்கள் தெரியும். முதலாவது, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, பட்ட பாடு வீணாகிவிடுமே என்ற எண்ணம். இரண்டாவது, உடன் வந்தவர்கள் கேலி செய்வார்களே என்ற கூச்சம். மூன்றாவது, இன்னும் கொஞ்ச தூரந்தானே என்ற ஆசை. மூன்றுக்கும் வானிலையோடு எந்தத் தொடர்பும் இல்லை. மூன்றும் மனத்தில் இருப்பவை. ஆகவேதான் புறப்படும் முன்பே, மனம் அமைதியாய் இருக்கும்போதே, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்துகொள்வது நல்லது. ஆஸ்லோவில் டிசம்பர் மாதப் பகல் ஏறக்குறைய ஆறு மணி நேரந்தான். வலிமையில் பாதி தீர்வதற்குள் திரும்ப வேண்டும். மீதிப் பாதி வீடு வந்து சேர்வதற்கு.

நேயர்களே, நம் ஊரில் வெண்பனி இல்லை. ஆனால் மலையருவி இருக்கிறது. விடுமுறை நாளில் நம் பிள்ளைகள் கூட்டமாய் அருவிக்குக் குளிக்கப் போகிறார்கள். மேலே மலையில் மழை கொட்டினால், கீழே வெயில் காயும்போதே வெள்ளம் திடீரென்று பாய்ந்து வருகிறது. கெப்பாலா ஆயர் என்று நாம் அதைச் சொல்லுகிறோம். தெளிந்த நீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், நீரின் இரைச்சல் கூடினால், அடுத்த நிமிடமே கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும். "இன்னும் ஒரு முழுக்கு" என்பதும் "இன்னும் கொஞ்ச தூரம்" என்பதும் ஒன்றேதான். மழைக்காலத்தில் ஆற்றுப் பாலத்தின்மேல் வெள்ளம் ஓடும்போது மோட்டார் சைக்கிளில் கடந்துவிடலாம் என்று நினைக்கும் இளைஞனுக்கும் எட்டாவது விதியே மருந்து.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வெளியே புறப்படும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பழகுங்கள். எங்கே போகிறாய்? யாரோடு போகிறாய்? எத்தனை மணிக்குத் திரும்புவாய்? போகும் பிள்ளை திரும்பி வந்து, "தண்ணீர் கலங்கலாக இருந்தது அம்மா, அதனால் குளிக்காமல் வந்துவிட்டோம்" என்று சொன்னால், "இதற்குத்தானா பஸ் காசு கொடுத்தேன்?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். நல்ல காரியம் செய்தாய் என்று சொல்லி, சோறு போடுங்கள். அடுத்த முறையும் அந்தப் பிள்ளை திரும்பி வரும்.